அணு உலைக்குள் வீங்கும் உருக்கு

நியூத்திரன்களின் வேகத்தைத் தணிக்காமல் இயங்கும் வேக அணு உலையின் மையத்தில் சில ஆண்டுகள் கிடந்த துருப்பிடிக்காத உருக்குக் குழாயை வெளியே எடுத்து அளந்தால், உள்ளே வைத்தபோது இருந்த அளவு இராது. நீண்டிருக்கும், பருத்திருக்கும், பல வேளைகளில் ஒரு பக்கமாக வளைந்தும் இருக்கும். அதன் எடை கூடியிருக்காது. வெளியிலிருந்து எந்தப் பொருளும் அதில் வந்து சேர்வதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இயங்கிய இ.பி.ஆர்-2 உலையில் இருந்து எடுக்கப்பட்ட ஒரு குழாயின் படம் இத்துறையில் மிகப் பிரபலமானது. கதிர் படாத குழாய்த் துண்டு ஒன்றும் கதிர் பட்ட அதே வகைத் துண்டும் அருகருகே நிற்கின்றன. இரண்டாவது பத்தில் ஒரு பங்கு நீண்டுவிட்டது. எல்லாத் திசைகளிலும் அதே அளவு வளர்ந்ததால் கன அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. சமையலறை எவர்சில்வரின் உறவுக்காரனான 316 என்னும் உருக்கே அது. இரும்போடு ஏறத்தாழ 17 சதவீதம் குரோமியமும் 12 சதவீதம் நிக்கலும் சிறிது மொலிப்டினமும் கலந்தது.

இந்த வீக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய உருக்கின் உள்ளமைப்புக்குப் போக வேண்டும். எல்லா உலோகங்களையும் போலவே உருக்கும் பளிங்குகளால் ஆனது. இரும்பு, குரோமியம், நிக்கல் அணுக்கள் வரிசை தவறாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. யுரேனியமோ புளூட்டோனியமோ பிளக்கும்போது வெளிப்படும் நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை. ஆகவே அது அணுக்களின் இலத்திரன் கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் ஊடுருவிப் போய், எப்போதாவது ஓர் அணுக்கருவின் மீது நேராக மோதும். பத்து இலட்சம் இலத்திரன்வோல்ட் ஆற்றலுள்ள நியூத்திரன் ஓர் இரும்பு அணுவுக்கு அதிகபட்சம் 69 ஆயிரம் இலத்திரன்வோல்ட் கொடுக்க முடியும். சராசரியாகக் கொடுப்பது அதில் பாதி. இரும்பு அணுவை அதன் இருக்கையிலிருந்து தள்ளிவிட 40 இலத்திரன்வோல்ட் போதும்.

தள்ளப்பட்ட அந்த முதல் அணு சும்மா போய் நிற்பதில்லை. கரம் பலகையில் குவிந்த காய்களுக்குள் அடிகாய் பாய்ந்ததுபோல, அது அடுத்ததைத் தள்ளும், அது மற்றதைத் தள்ளும். ஒரு நொடியை இலட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் பொழுதுகளில் சில கழிவதற்குள் நூற்றுக்கணக்கான அணுக்கள் இடம்பெயர்ந்துவிடும். பிறகு நடப்பதுதான் உலோகத்தின் தனிச்சிறப்பு. கலைந்த அந்தச் சிறு பகுதி குளிரும்போது பெரும்பாலான அணுக்கள் ஏதேனும் ஒரு வெற்று இருக்கையில் போய் அமர்ந்துகொள்கின்றன. எஞ்சுபவை சில. அமர இடமின்றி வரிசைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும் அணுக்கள் ஒருபுறம், அவை விட்டுப்போன வெற்றிடங்கள் மறுபுறம். இரண்டும் ஒரே எண்ணிக்கையில்தான் பிறக்கின்றன.

இந்தச் சேதத்தை அளக்க, ஓர் அணு சராசரியாக எத்தனை முறை இடம்பெயர்க்கப்பட்டது என்று கணக்கிடுகிறார்கள். ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாக டி.பி.ஏ. என்பது அந்த அலகின் பெயர். சாதாரண நீர் உலை ஒன்றின் தடித்த வெளிக்கலத்துக்கு அதன் வாழ்நாள் முழுவதும் கிடைப்பது ஒரு டி.பி.ஏ.க்கும் மிகக் குறைவு. வேக உலையின் எரிபொருள் உறைக்கோ சில ஆண்டுகளில் 80, 100 என்று ஏறிவிடும். உருக்கின் ஒவ்வோர் அணுவும் எண்பது முறை பிடுங்கி எறியப்பட்ட பிறகும் அது குழாயாகவே நின்று, எரிபொருளையும் அதன் வாயுக்களையும் உள்ளே காத்துக்கொண்டிருக்கிறது. வீக்கத்தைக் குறையாகப் பேசுவதற்கு முன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெற்றிடமும் இடைப்புகுந்த அணுவும் சம எண்ணிக்கையில் பிறந்தால், இரண்டும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும். உருக்கு வீங்கக் காரணமே இல்லை. ஆனால் பளிங்கின் உள்ளே பிறழ்ச்சிக் கோடுகள் உண்டு. அணு அடுக்கு ஒன்று பாதியில் முடிந்துபோவதால் உண்டாகும் குறைகள் அவை. இடைப்புகுந்த அணு தன்னைச் சுற்றியுள்ள வரிசைகளை அதிகம் நெருக்குவதால், பிறழ்ச்சிக் கோடு அதை வெற்றிடத்தைவிடச் சற்றே கூடுதலாக ஈர்க்கிறது. இந்தச் 'சற்றே' என்பதில்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. இடைப்புகுந்த அணுக்கள் பிறழ்ச்சிக் கோடுகளில் சேர்ந்து புதிய அணு அடுக்குகளாக வளர்கின்றன. துணையை இழந்த வெற்றிடங்கள் அலைந்து திரிந்து, ஒன்றோடொன்று கூடி, நுண்குழிகளாகின்றன. உள்ளே குழி, வெளியே புது அடுக்கு. உருக்கின் நிறை மாறாமல் கன அளவு மட்டும் பெருகுவது இப்படித்தான். கோடிக்கணக்கான இடப்பெயர்வுகளில் மீளாமல் தங்குவது மிகச் சிறு பங்குதான் என்றாலும், அந்தச் சிறு பங்கு நாள்தோறும் ஒரே பக்கமாகச் சேர்கிறது.

குழி தொடங்க ஓர் ஊன்றுகோலும் தேவை. இல்லாவிட்டால் கூடிய வெற்றிடங்கள் தட்டையாக மடிந்து அடைபட்டுவிடும். அந்த ஊன்றுகோல் ஹீலியம். நிக்கலிலும், உருக்கில் மிகச் சிறிதளவே இருக்கும் போரனிலும் நியூத்திரன் மோதும்போது சில வேளைகளில் ஹீலியம் அணு ஒன்று பிறக்கிறது. அது உருக்கில் கரையாது. வெற்றிடக் கூட்டத்துக்குள் புகுந்து, அது மடிந்துவிடாமல் தாங்கி நிற்கிறது.

வெப்பநிலையும் இதில் கண்டிப்பான பங்கு வகிக்கிறது. ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்குக் கீழே வெற்றிடங்களால் நகர முடிவதில்லை, குழி வளராது. 700 பாகைக்கு மேலே குழிகளிலிருந்து வெற்றிடங்கள் தாமே கழன்று போய்விடும், அப்போதும் வளராது. இடைப்பட்ட பகுதியில், குறிப்பாக 500 பாகையை ஒட்டி, வீக்கம் உச்சத்தில் இருக்கும். வேக உலையில் குளிர்விக்கும் திரவ சோடியம் ஏறத்தாழ 400 பாகையில் நுழைந்து 550 பாகையில் வெளியேறுகிறது. உருக்குக்கு மிகவும் ஆகாத வெப்பநிலையில்தான் உலை வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இந்தப் பொருத்தக்கேட்டை எந்தப் பொறியியலாளராலும் முற்றாகத் தவிர்க்க முடியவில்லை.

1967 வரை இப்படி ஒன்று நடக்கும் என்று உலை வடிவமைத்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆண்டில் கோதோர்ன், ஃபுல்டன் என்னும் இரு ஆய்வாளர்கள், ஸ்கொட்லாந்தின் டூன்ரே வேக உலையிலிருந்து வந்த எரிபொருள் உறையை மெல்லிய தகடாக்கி இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். உருக்கு முழுவதும் நுண்குழிகள் இறைந்து கிடந்தன. அந்த முடிவு 'நேச்சர்' இதழில் வெளியானதும், பல நாடுகளில் வரைபடத்தில் இருந்த வேக உலைகளை மறுபடி கணக்கிட வேண்டி வந்தது. அடுக்கடுக்காக நெருக்கி வைக்கத் திட்டமிட்ட குழாய்களுக்கு இடையே வீங்குவதற்கு இடம் விட வேண்டியதாயிற்று.

கதிர்வீச்சால் திண்மப் பொருள் வீங்குவது மனிதர் கட்டிய உலைகளில் மட்டும் நடப்பதன்று. மாத்தளை, பொலன்னறுவை மாவட்டங்களில் அம்பன் கங்கையின் வடிநிலத்தில் பரந்துள்ள எலஹெர இரத்தினக்கல் வயல்களில், இல்லம் எனப்படும் சரளைப் படையை அரித்தெடுக்கும்போது நீலக்கல், ஸ்பினல், கானற் ஆகியவற்றோடு சிர்கோனும் கிடைக்கிறது. இலங்கைச் சிர்கோன்கள் பிறந்து ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அவை உருவானபோதே அவற்றினுள் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் சிக்கிக்கொண்டன. யுரேனிய அணு சிதைந்து அல்பா துகளை வெளியே வீசும்போது, மிஞ்சிய கனமான கரு ஏறத்தாழ 70 ஆயிரம் இலத்திரன்வோல்ட் ஆற்றலோடு பின்னோக்கி உதைக்கப்படுகிறது. வேக நியூத்திரன் இரும்பு அணுவுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச அடியும் அவ்வளவே. அந்த ஓர் உதையில் ஆயிரம் அணுக்கள் வரை இடம்பெயர்கின்றன. ஹாலண்ட், கொட்ஃபிரீட் ஆகியோர் இலங்கைச் சரளையிலிருந்து எடுத்த சிர்கோன்களை அளந்து 1955 இல் வெளியிட்ட ஆய்வு, சேதம் ஏற ஏற அடர்த்தி 4.7 இலிருந்து 4.0 அளவுக்கு இறங்குவதைக் காட்டியது. மிகவும் சேதமுற்ற கல்லின் கன அளவு ஏறத்தாழ 18 சதவீதம் கூடிவிடுகிறது. கற்கடைகளில் இந்தக் கற்கள் மங்கலான பச்சை நிறத்தில் கிடைக்கின்றன. அணுக்கழிவைக் கல்லாக்கிப் புதைக்க எண்ணும் விஞ்ஞானிகள் இன்றும் இலங்கைச் சிர்கோனைத் தேடி வாங்குவது இதற்காகவே. பல கோடி ஆண்டுச் சேதத்தை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க முடியாது.

அடி ஒன்றாக இருந்தாலும் கல்லும் உலோகமும் அதை ஏற்கும் விதம் வேறு. சிர்கோனில் சிலிக்கன், ஒட்சிசன், சேர்க்கோனியம் ஆகிய மூன்றும் தத்தம் இடத்தில் இருந்தால்தான் பளிங்கு நிற்கும். குலைந்த பிறகு எந்த அணு எங்கே போக வேண்டும் என்ற ஒழுங்கு மீள்வது கடினம். ஆகவே கல் மெல்ல மெல்லக் கண்ணாடி போன்ற ஒழுங்கற்ற நிலைக்குப் போய் வீங்குகிறது. உருக்கில் எந்த அணு எந்த இருக்கையில் அமர்ந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பளிங்கு பிழைத்துக்கொள்கிறது. அப்படிப் பிழைக்கும் முயற்சியில் எஞ்சும் வெற்றிடங்களே அதை வீங்கவைக்கின்றன.

உலைக்குத் திரும்பினால், வீக்கம் மட்டும் சீராக நடந்தால் சமாளிக்கலாம். அது சீராக நடப்பதில்லை. வேக உலையில் எரிபொருள் குச்சிகளை அறுகோணக் குழாய்களுக்குள் கட்டாக வைத்து, அந்தக் குழாய்களைத் தேனடை அறைகள் அமைந்த முறையில் நெருக்கி நிறுத்துகிறார்கள். குழாயின் ஒரு முகம் உலையின் மையத்தைப் பார்த்திருக்கும், அங்கே நியூத்திரன் அதிகம். எதிர் முகத்தில் குறைவு. மையப்பக்கம் கூடுதலாக வீங்குவதால் குழாய் வெளிப்புறமாக வளைகிறது. அடுத்த குழாயில் முட்டுகிறது. எரிபொருளை மாற்றும் நாளில் வெளியே இழுக்கக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. உள்ளே இருக்கும் குச்சிகளைச் சுற்றிய இடைவெளிக் கம்பியும் குச்சியும் வெவ்வேறு அளவில் வீங்கினால், சோடியம் ஓடும் வழி குறுகும்.

இதோடு கதிர்வீச்சு இன்னொரு மாற்றத்தையும் செய்கிறது. உலோகத்தை நீண்ட காலம் சுமையில் வைத்தால், அதிக வெப்பத்தில் அது மெல்ல மெல்ல நெகிழ்ந்து நீளும். நியூத்திரன் மழையில் அதே நெகிழ்வு 300 பாகையிலும் நடக்கிறது. சுமை கூடினால் அதற்கேற்பவும், சேதம் கூடினால் அதற்கேற்பவும் கூடுகிறது. வீங்கிய பகுதிகள் ஒன்றையொன்று நெருக்கும்போது உண்டாகும் அழுத்தத்தை இந்த நெகிழ்வு தணிக்கிறது. அந்த அளவில் அது நன்மை. ஆனால் இறுக்கி முடுக்கிய போல்ட் ஒன்று தன் இறுக்கத்தை இழப்பதும் இதே நெகிழ்வால்தான்.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது நொறுங்குதன்மை. கன அளவு பத்து சதவீதத்துக்கு மேல் வீங்கிய உருக்கு, இழுத்தால் நீளாமல் கிழிந்துவிடும். குழிகளின் ஓரங்களில் நிக்கல் போய்ச் சேர்கிறது. குழிகளுக்கு இடையே எஞ்சும் உருக்கு நிக்கல் குறைந்ததாகி, தன் பளிங்கு வடிவத்தையே மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. காந்தம் ஒட்டாத இந்த உருக்கில் சில மாதிரிகள் கதிர் பட்ட பிறகு காந்தத்துக்கு இழுபடுவது அதற்கு அடையாளம். வடிவ மாற்றத்துக்கு இடம் விட்டு வடிவமைக்கலாம். நொறுங்கும் குழாய்க்கு இடம் விட்டுப் பயனில்லை.

இந்தப் பிரச்சினையோடு தமிழ் மண்ணில் நாற்பது ஆண்டுகளாகப் போராடிவரும் இடம் கல்பாக்கம். சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், வேக ஈனுலைச் சோதனை உலை 1985 ஒக்டோபர் 18 அன்று முதன்முறை தொடர்வினை நிலையை அடைந்தது. பிரான்சின் ரப்சோடி உலையை அடியொற்றியது அது. எரிபொருளில் மட்டும் தனி வழி. புளூட்டோனிய காபைட்டும் யுரேனிய காபைட்டும் 70-30 என்ற விகிதத்தில் கலந்த எரிபொருளில் முழு உலையையும் இயக்குவதை உலகில் முதலில் செய்தது கல்பாக்கம்தான். அந்த எரிபொருளுக்கு உறையாக அமைந்தது குளிர்நிலையில் 20 சதவீதம் உருமாற்றிய 316 உருக்கு. குளிர்நிலையில் இழுத்த உருக்கில் பிறழ்ச்சிக் கோடுகள் அடர்ந்து கிடக்கும். வெற்றிடங்கள் குழியாகக் கூடும் முன்பே, அவையும் இடைப்புகுந்த அணுக்களும் அந்தக் கோடுகளில் போய் மறைவதால் வீக்கம் தாமதமாகத் தொடங்கும்.

ஒரு தொன் எரிபொருளிலிருந்து 25 ஆயிரம் மெகாவோட் நாள் வெப்பம் எடுப்பது என்று தொடக்கத்தில் எல்லை வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு படியிலும் ஒரு கட்டை வெளியே எடுத்து, தடித்த கொங்கிரீட் சுவர் கொண்ட கதிர்காப்பு அறைகளுக்குள் இயந்திரக் கைகளால் பிரித்து, நீளம், விட்டம், வளைவு அனைத்தையும் அளந்து, உருக்கின் வலுவைச் சோதித்து, அதன்பின் எல்லையை உயர்த்தினார்கள். ஒரு இலட்சத்தைத் தாண்டி ஒரு இலட்சத்து 65 ஆயிரம் வரை அது போனது. 1996 இல் இயங்கத் தொடங்கிய காமினி என்னும் சிறு உலையின் நியூத்திரன் கற்றையால், குச்சிகளைத் திறக்காமலே உள்ளே படமெடுக்கவும் முடிந்தது. காமினியின் எரிபொருள் தோரியத்திலிருந்து பிறக்கும் யுரேனியம்-233. தோரியம் மிகுந்த இந்தியா வேக ஈனுலைகளில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அந்தத் தனிமமே பின்னணி.

படிப்படியான அந்த ஆய்வுகள் காட்டியது ஒன்று. எரிபொருள் இன்னும் எரியத் தயாராக இருக்கும்போதே, அதைத் தாங்கும் உருக்கு போதும் என்று சொல்லிவிடுகிறது. எரிபொருள் எவ்வளவு காலம் உலையில் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அரை மில்லிமீற்றருக்கும் மெல்லிய உறைச் சுவர். எரிபொருள் விரைவில் வெளியே வந்தால் அதை அடிக்கடி மறுசெயலாக்கம் செய்ய வேண்டும். அது செலவு, அதோடு ஆபத்தும் கூடும். வேக ஈனுலையின் பொருளாதாரம் உலோகவியலாளரின் கையில் இருப்பது இதனால்தான். கல்பாக்கம் மையத்தின் இயக்குநர்களாக பிளாசிட் ரொட்ரிகஸ், பல்தேவ் ராஜ் ஆகிய உலோகவியலாளர்கள் அமர்ந்ததில் வியப்பில்லை.

பக்கத்திலேயே எழுந்துள்ள 500 மெகாவோட் முன்மாதிரி வேக ஈனுலையில் எரிபொருள் கட்டுகள் 181. ஒவ்வொன்றிலும் 217 குச்சிகள். அவற்றின் உறை டி-9 என்னும் கலப்புலோகம். 316 உருக்கோடு ஒப்பிட்டால் குரோமியத்தைச் சற்றுக் குறைத்து, நிக்கலை 15 சதவீதமாக உயர்த்தி, சிறிது டைட்டேனியம் சேர்த்தது. டைட்டேனியமும் காபனும் சேர்ந்து மிக நுண்ணிய துகள்களாகப் படியும். ஹீலியத்தையும் வெற்றிடங்களையும் அவை ஆங்காங்கே பிடித்து வைத்துக்கொள்வதால், பெரிய குழிகள் வளர நெடுங்காலமாகும். எவ்வளவு டைட்டேனியம் போட வேண்டும் என்பதைக் கண்டறிய உலையில் பல ஆண்டுகள் காத்திருக்க முடியாது. ஆகவே கல்பாக்கத்தின் 1.7 மெகாவோல்ட் துகள் முடுக்கியில் நிக்கல் அயன்களை உருக்கின் மீது பாய்ச்சினார்கள். நூறு டி.பி.ஏ. சேதம் சில மணி நேரத்தில் வந்துவிடும். அயன் கற்றையால் ஹீலியம் பிறக்காது என்பதால் அதை முன்கூட்டியே உருக்குக்குள் செலுத்தினார்கள். சேதமடைவது மேற்பரப்பில் மனித மயிரைவிட மெல்லிய படை மட்டுமே. சேதம் ஏறும் வேகமும் உலையில் உள்ளதைவிடப் பல மடங்கு. இந்தச் சோதனை எந்தக் கலவை எதைவிட நல்லது என்று தரம் பிரிக்கும். உண்மையான உலையில் எத்தனை சதவீதம் வீங்கும் என்ற கடைசிச் சொல்லை உலைதான் சொல்ல வேண்டும்.

நீர் உலைகள் இதிலிருந்து தப்பியவை என்று பல காலம் நினைத்தார்கள். வெப்பநிலை 300 பாகையை ஒட்டியது, நியூத்திரன் அளவும் குறைவு. ஆனால் அவை அறுபது, எண்பது ஆண்டுகள் ஓட வேண்டும் என்று இப்போது திட்டமிடப்படுகிறது. மையத்தைச் சுற்றியுள்ள உருக்குத் தட்டுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் 1980களின் இறுதியிலேயே பிரான்சில் வெடிப்புகள் தெரிந்தன. 2016 இல் நியூயோர்க் மாநிலத்தின் இந்தியன் பொயின்ட் இரண்டாம் உலையில் 832 போல்ட்டுகளைச் சோதித்தபோது 227 கெட்டுப்போயிருந்தன. கதிர்வீச்சும் இறுக்கமும் சூடான நீரும் கூடி உருக்கைப் பிளந்திருந்தன. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளத்தில் 2014 இன் இறுதியிலிருந்து வணிக ரீதியில் இயங்கும் ரஷ்ய வகை உலைகளில், மையத்தைச் சூழ்ந்திருப்பது தடித்த உருக்கு வளையம். காமாக் கதிர்களால் அதன் உட்பகுதி சுற்றியுள்ள நீரைவிடக் கூடுதலாகச் சூடாகிறது. அவ்வகை உலைகளின் வாழ்நாளை நீட்டிக்க வேண்டுமானால், அந்த வளையம் எவ்வளவு வீங்கும், எரிபொருள் கட்டுகளை நெருக்குமா என்பதற்குப் பதில் தேவை. கடலின் இந்தப் பக்கம் இலங்கையில் இருப்போர் கேட்கத் தகுந்த கேள்விகளில் அதுவும் ஒன்று.

நிக்கல் சேர்ந்த உருக்கை எவ்வளவு திருத்தினாலும் வீக்கம் தள்ளிப்போகுமே தவிர நீங்காது. தாமதக் காலம் முடிந்ததும் ஒரு டி.பி.ஏ.க்கு ஒரு சதவீதம் என்ற வேகத்தில் அது ஏறத் தொடங்கிவிடும். ஆகவே அடுத்த தலைமுறைக்கு நிக்கல் ஏறக்குறைய இல்லாத, 9 முதல் 12 சதவீதம் குரோமியம் கொண்ட வேறு வகை உருக்கை நாடுகிறார்கள். அதன் அணு அடுக்கு வேறு. நூறு டி.பி.ஏ. தாண்டினாலும் மிகக் குறைவாகவே வீங்கும். ஆனால் 550 பாகைக்கு மேல் வலுவிழக்கும். குறைந்த வெப்பநிலையில் கதிர்பட்டால் நொறுங்கும் இயல்பும் அதற்கு உண்டு. வெப்பம் சற்றுக் குறைந்த அறுகோண வெளிக்குழாய்க்கு அது பொருந்தும். சூடான உறைக்கு, அதே உருக்குக்குள் யிற்றியம் ஒக்சைட்டை மிக நுண்ணிய துகள்களாகக் கலந்து வலுவூட்டும் முயற்சி கல்பாக்கத்திலும் ஐதராபாத்திலும் நடக்கிறது. தூளாக அரைத்து, அழுத்தி, சூடாக்கித் திரட்டி, பிறகு குழாயாக இழுக்க வேண்டிய வேலை அது. உருக்கி வார்த்தால் ஒக்சைட்டுத் துகள்கள் மிதந்து பிரிந்துவிடும். அதனால் குழாயின் முனையை வழக்கமான முறையில் உருக்கி ஒட்டவும் முடியாது. உருகாமல் அழுத்தி ஒட்டும் முறைகளைத்தான் கையாள வேண்டும்.